ஒன்பதில் நின்ற முள்

“எத்தனை தடவைண்ணே சொல்றது? என் பக்கம் சுத்தமா இருக்கு. கோளாறு உங்க மிஷின்ல.”

“என் மிஷின்லயா? காலையில இருந்து அதுக்கு வைத்தியம் பார்த்துட்டுத்தானே இருக்கேன். ஒரு நோயும் இல்ல. நீ முதல்ல உன் தட்டைப் பாரு தம்பி.”

“தட்டைத் திருப்பி முடுக்கினதே நான்தான். இந்தப் பக்கம் அசைச்சாலும் முள்ளு இறங்குது, அந்தப் பக்கம் அசைச்சாலும் இறங்குது. உச்சின்னா வேற என்னவாம்?”

“உச்சியாம் உச்சி! முப்பத்தஞ்சுல நிக்க வேண்டியது ஒன்பதுல நிக்குது. அதுக்குப் பேரு உச்சியா?”

“யப்பா, ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் நிம்மதியா ஒரு டீ குடிக்கணும்” என்றது மூன்றாவதாக ஒரு குரல். அது இரண்டாம் மலை.

தொலைபேசிப் பேச்சை ரேடியோ அலையில் மலைக்கு மலை கடத்தும் நிலையங்களின் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சேவை லைனில் ரகசியம் என்பதே கிடையாது. ஐந்து மலைகளுக்கும் ஒரே லைன். ஒரு மலையில் தும்மினால் மற்ற நான்கிலும் காது கூசும். ஆட்களுக்குப் பெயரும் கிடையாது, மலையின் எண்தான் பெயர். நாலாம் மலைக்காரரோடு காலையிலிருந்து மல்லுக்கு நிற்கும் இவன் மூணு.

மூணு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குள் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அவள் நகரத்துப் பள்ளி ஒன்றில் தற்காலிக அறிவியல் ஆசிரியை. மூன்றாவது முறை தேர்வு எழுதித் தேறி, தொலைவில் ஒரு துறைமுக ஊரின் வானிலை அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. கடிதத்தைக் காட்டியபோது இவன் முதலில் கேட்டது, “அப்ப நான்?” என்று. அதிலிருந்து மூன்று நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின. நான்காம் நாள் மலையில் தன் வேலை முறைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவனை அவள் வாசலில் நிறுத்தினாள்.

“செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. பண்ணலேன்னா உங்களுக்கு இஷ்டமில்லன்னு நினைச்சு, வேண்டாம்னு சொல்லிடுவேன். அப்புறம் அதைப் பத்தி ஒருநாளும் பேச மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் மலையேறும் ஜீப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. மேலே வந்து, மேகம் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருவதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்குப் புரிந்துவிட்டது: அவள் போகட்டும். தன்னால் மாற்றல் கேட்க முடியும், அவளால் நான்காவது முறை தேர்வு எழுத முடியாது.

இதைச் சொல்ல நினைத்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைக் காற்று வந்து, நாலாம் மலையைப் பார்த்து நிற்கும் பெரிய ஆன்டெனாத் தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டுப் போனது. அவன் திருப்பிச் சரிசெய்தான். சிக்னல் மீட்டரின் முள் ஒன்பதுக்கு மேல் ஏற மறுத்தது. அறுநூறு பேரின் பேச்சு இந்த அறை வழியாகப் போகிறது, அத்தனையும் இப்போது வெறும் இரைச்சல். சேவை லைன் மட்டும் எப்படியோ தேறியது, ஆனால் அதை வெளி போன் எதோடும் இணைக்க முடியாது. காலையில் எக்ஸ்சேஞ்சில் கெஞ்சி இரண்டு தடவை பள்ளிக்குப் போட்டுப் பார்த்தான். முதல் தடவை அவள் நான்கு முறை ஹலோ சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை, “மழை பெய்யற மாதிரி இருக்கு, யாருன்னே தெரியல” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னது இவனுக்குக் கேட்டது.

நாலாம் மலையிலிருந்து நகரத்துக்கு லைன் கண்ணாடி மாதிரி. அவர் ஒரு போன் போட்டால் போதும். ஆனால் மூன்று நாள் வீட்டுச் சண்டையை ஐந்து மலைக்கும் எப்படி ஒலிபரப்புவது? அதுவும் விடிந்ததிலிருந்து யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறானோ அவரிடமே?

“சரி தம்பி” என்றார் நாலு. “உன் மனசும் நோக வேண்டாம். இந்தா, ஸ்பேர் மிஷினுக்கு மாத்துறேன். முள்ளைப் பாரு.”

முள் சட்டென்று சுழியத்தில் விழுந்தது. பிறகு மெல்ல எழுந்தது. ஐந்து, ஏழு. அவன் மீட்டரை நோக்கிக் குனிந்தான். ஒன்பது. அங்கேயே நின்றது.

“எவ்வளவு?”

அவன் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான்.

“ஒன்பதா?”

“ஒன்பதுதான்.”

இரண்டாம் மலையில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாலு சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “நீ பிடிச்சிருக்கறது சிக்னலோட உச்சியில்ல, அதுக்குப் பக்கத்துக் குட்டி மேடு. பெரிய மேடு இன்னும் தள்ளி இருக்கு. முள்ளு செத்துப்போற வரைக்கும் திருப்பு, பயப்படாம அதையும் தாண்டித் திருப்பு. தட்டைத் திருப்ப கன்ட்ரோல் ரூம்ல அனுமதி வாங்கிட்டேன். பதினொன்னு நாப்பதுல இருந்து கால் மணி நேரம். விட்டா நாளைக்குத்தான்.”

பயிற்சிப் பரீட்சையில் இதையே கேட்டிருந்தார்கள். படம் போட்டு விளக்கி முழு மதிப்பெண் வாங்கியவன் இவன். மேஜையை ஓங்கி உதைத்தான். மேஜை இரும்பு.

கோபுரத்தில் ஏறுகிற ஐம்பது வயதுக்காரரை எல்லோரும் ஏணி என்பார்கள். அவர் ஏற்கெனவே ஸ்பானரோடு உச்சியில் இருந்தார். “எந்தப் பக்கம் தம்பி? மேல காத்து தள்ளுது. சீக்கிரம் சொல்லு, நான் என்ன காக்காயா?”

எந்தப் பக்கம் என்று அவனுக்கும் தெரியாது. தவறான பக்கம் என்றால் திரும்பி வந்து மறுபக்கம் தேட வேண்டும். “வலது!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினான்.

முள் இறங்கியது. ஏழு. ஐந்து. மூன்று. வேறு தட்டில் வரும் இரண்டாம் மலையின் சத்தம் அப்படியே இருக்க, ரிசீவரில் நாலின் குரல் மட்டும் இரைச்சலுக்குள் அமிழத் தொடங்கியது. முள் ஏறினால்தான் அது மீண்டும் வரும். பதினொன்று நாற்பத்தாறு. ஏணி திருப்பிக்கொண்டே போனார். முள் ஒன்றைத் தொட்டது. பெரிய மேடு வருகிற அறிகுறியே இல்லை.

அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தான்.

“அண்ணே! நாலு! இருக்கீங்களா? எக்ஸ்சேஞ்சுல கேட்டா நம்பர் தருவாங்க, காலையில போட்ட அதே பள்ளிக்கூடம். என் வீட்டுக்காரி அங்க ஆபீஸ் ரூம்ல இருப்பா. பன்னிரண்டுக்குள்ள ஒரு போன் போட்டு, அந்த வேலையை ஒத்துக்கச் சொல்லுங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்லுங்க. யார் கேட்டாலும் பரவாயில்ல. அண்ணே, சொல்லிடுவீங்களா?”