மூன்றாம் நாள் கஞ்சி

புருசன் முத்துவீரன் இறந்த பிறகு கிருஷ்ணம்மா முதல் நாள் வேலைக்குப் போனபோது, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவளை வரிசையின் முன்னால் போகச் சொன்னார்கள். ஒருத்தி கூடையை இறக்கிக் கொடுத்தாள். "குடுத்து வச்ச சாவு புள்ள. ஜோதிய பாத்த கண்ணோட போயிட்டாரு. நமக்கெல்லாம் கெடைக்குமா?" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கிருஷ்ணம்மாவும் தலையாட்டினாள். அன்றைக்கு மட்டும் அதே பேச்சை ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும்போது கொழுந்து பறித்த கையைவிடத் தலையாட்டிய கழுத்துத்தான் வலித்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் தை மாதம். இலங்கை மலைநாட்டில் எல்கடுவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து பதினொரு ஆண்கள் மாலை போட்டு, குருசாமி செல்லச்சாமியோடு சபரிமலைக்குப் போயிருந்தார்கள். மகர ஜோதி அன்று சாயங்காலம், மலைச்சரிவில் நின்ற கூட்டம் ஜோதியைப் பார்த்துவிட்டு ஒரேயடியாக இறங்கத் திரும்பியதில், மேலே நின்றவர்கள் கீழே நின்றவர்கள்மேல் சரிந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். மறுநாள் காலை ரேடியோவில் எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள், பேர் சொல்லவில்லை. பதினொரு வீட்டுப் பெண்களும் நாலு நாள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நடமாடினார்கள். நாலாம் நாள் ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. பெரிய கிளார்க் ஞானசுந்தரம் ஆள் அனுப்பி கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டார். அவள் படியேறி வருவதைப் பார்த்துவிட்டு, மற்றப் பத்து வீட்டுப் பெண்களும் அவரவர் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். அது எந்த அழுகை என்று அவளுக்குத் தெரியும். அவள் பேர் வராமல் இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் அழுதிருப்பாள்.

ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆட்களிடம் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "இரு பிள்ளை" என்றார். விஷயத்தைச் சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து அந்தச் செய்தியை முழுவதும் வாசித்தார். "இவ்வளவு சனம் ஏறுற இடத்திலை ஒரு ஒழுங்கு வேண்டாமே? கயிறு கட்டி ஆக்களைப் பிரிச்சு விட்டிருந்தாலே காணும்" என்று யாரையோ கோபித்தார். அந்தக் கோபம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவர் ஒருவர்தான் முத்துவீரனைக் குடுத்து வைத்தவன் என்று சொல்லவில்லை.

ஒரு தடவை மரணப் பதிவு விஷயமாக மாத்தளைக்குப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இருவர் சபரிமலைச் சாவுகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சாமி கும்பிட அவ்வளவு தூரம் போவானேன் என்றார் ஒருவர். இந்தியாவில் மனுச உயிருக்கு மதிப்பே இல்லை என்றார் மற்றவர். அப்போது பஸ்ஸை மறித்து ஆர்மிக்காரன் ஏறினான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் தேயிலைக்குள் மூன்று இரவு படுத்துக் கிடந்து தப்பியவன் முத்துவீரன். அவன் இங்கே சாகவில்லை, பக்திமான்களுக்கு அடியில் செத்தான் என்பதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். மீதிப் பத்துப் பேரும் திரும்பி வந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் பேச்சு மாறியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பதினொரு பேர் ஒரே இடத்தில் நின்றார்கள், பத்துப் பேருக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஒருவன் மட்டும் போனானென்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. விரதம் தப்பியிருக்கிறது. குடுத்து வைத்த சாவு என்று சொன்ன அதே வாய்கள்தான். தேயிலை மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள், கங்காணியிடம் சொல்லி வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

கார்த்திகையில் முத்துவீரன் மாலை போட்டிருந்தபோது, அவளுக்குத் தூரமான நாட்களில் ஏழு நாள் காம்பராவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. லயத்துக் கடைசிக் காம்பராவில் இருக்கும் மரிய கொறற்றி அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். "எங்களுக்கு மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா. நீ பாட்டுக்கு படு" என்றாள். மூன்றாம் நாள் நல்ல மழை. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போன முத்துவீரன் முழுக்க நனைந்து, மரிய கொறற்றியின் வாசல் இஸ்தோப்புக்கு வெளியே வந்து நின்றான். கறுப்பு வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. பல் அடித்துக்கொண்டது. "கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வந்துரு" என்றான். "ஏழு நாள் ஆவலயே" என்றாள். "சாமிக்கு நம்ம லயத்த தெரியாதா" என்றான் அவன். அவள் போய் அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள். அவன் குடித்தான். மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தான். அவள் மரிய கொறற்றி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் லயத்தில் யார் வீட்டுக் கூரையில் புகை வருகிறதென்பது எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணைக்கி ஒன்ன நான் விட்டிருக்கக் கூடாது" என்று மரிய கொறற்றி ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். கிருஷ்ணம்மா நிமிர்ந்து பார்த்தாள். வேறு சாமியைக் கும்பிடுகிறவள், அவளும் இதை நம்புகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்லச்சாமி வந்தார். ஒரு மாசத்தில் பத்து வருசம் கூடிய மாதிரி இருந்தார். இஸ்தோப்பில் குந்திக்கொண்டு, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அடுத்த வருசம் மாலை போட ஆம்பளைங்க பயப்படுறாங்க தாயி. வர்ற வெள்ளி கோயில்ல ஒரு பரிகாரம் செஞ்சுருவோம். நீ எல்லாரு முன்னுக்கும் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லி, ஒரு தேங்கா ஒடச்சா போதும். அதுக்கு மேல ஒருத்தரும் வாய் தொறக்காம நான் பாத்துக்கிறேன்."

"அவரு எப்புடி செத்தாருன்னு நீங்க இன்னும் எங்கிட்ட சொல்லலயே சாமி."

செல்லச்சாமி நிலத்தைப் பார்த்தார். பிறகு, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"ரெண்டு வருசம் நான் அங்க நின்னு பாத்திருக்கேன். ஜோதி நல்லா தெரியிற எடம். நான்தான் எல்லாரையும் அங்க உக்கார வச்சேன். பாத்தாச்சு. எல்லாம் எந்திரிச்சிச்சு. காலுக்கு கீழ மண்ணு போச்சு. நான் ஒரு மரத்த புடிச்சிக்கிட்டேன். கீழ ஒரு கை மேல வந்திச்சு தாயி. எட்டிப் புடிக்கலாம். ஆனா எல்லாருக்கும் கறுப்புத் துணி. எல்லா கையிலயும் மண்ணு. எது நம்ம ஆளுன்னு தெரியல. இவனா இருக்குமோ, வேற யாரோவான்னு நான் பாத்துக்கிட்டு இருக்கயிலே அந்தக் கை போயிருச்சு."

தேத்தண்ணியைக் குடிக்காமலே நிலத்தில் வைத்தார்.

"அப்ப வெரதத்துக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?" என்றாள் கிருஷ்ணம்மா.

"வெரதம் தப்பலன்னா பின்ன எதுக்கு தாயி?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எதுக்கு? அப்ப சும்மாவா? அம்பது பேரும் சும்மாவா?"

அவர் தன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, கெஞ்ச வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. "வெள்ளிக்கிழம வாறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து குளித்து, ஈரத் தலையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். மரிய கொறற்றியும் கூட வந்து, கோயிலுக்குள் வராமல் மதிலோரம் நின்றாள். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மலைக்குப் போய் வந்த பத்து ஆண்களும் ஒரு பக்கமாக நின்றார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கிருஷ்ணம்மா தேங்காயை உடைத்தாள். அது சரிபாதியாக உடைந்ததும் கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். செல்லச்சாமி தட்டில் சூடத்தைக் கொளுத்தி, அம்மனுக்குக் காட்டி, அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தாயி."

அவள் மரிய கொறற்றி வீட்டில் இருந்ததைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். அவன் நடுங்கிக்கொண்டு நின்றதைச் சொன்னாள். "மூணாம் நாளு உள்ள போயி கஞ்சி வச்சேன். அவரு கேட்டாரு, வச்சேன். குடிச்சிட்டுப் படுத்தாரு. மறுநாள் காய்ச்சல் இல்லாம வேலைக்குப் போனாரு."

அவள் நிறுத்திவிட்டாள். எல்லோரும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"தப்புன்னு சொல்லு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது தப்புன்னு எனக்குத் தோணல" என்றாள் கிருஷ்ணம்மா. குரல் உயரவில்லை. "இன்னைக்கு வந்து நின்னாலும் வச்சுத்தான் குடுப்பேன். ஒங்களுக்கெல்லாம் நான்தான்னு நெனச்சா தூக்கம் வருதுன்னா, நான்தான்னு வச்சுக்கங்க. எனக்கு இதுக்கு மேல பேச ஏலாது."

பத்து ஆண்களில் ஒருவன் கீழே குந்தி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். எவரும் சூடத்தைத் தொட்டுக் கும்பிட முன்னால் வரவில்லை, போகவுமில்லை. சூடம் உருகித் தட்டெல்லாம் பரவி எரிந்தது. செல்லச்சாமி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடியே நின்றார். பித்தளை சுட்டிருக்க வேண்டும். அவர் விடாமல் இன்னும் இறுக்கிப் பிடிப்பதை அவள் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் சுற்றிக்கொண்டு கிட்டப் போனாள். "குடுங்க சாமி" என்று அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக் கல்படியில் வைத்தாள்.

பனிக்காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. செல்லச்சாமியின் கைகள் இரண்டும், தட்டு இல்லாமல், அப்படியே ஏந்தியபடி இருந்தன.