சனத்தின் குரல்

குருத்து ஞாயிறன்று தேற்றாத்தீவுக் கோயிலில் பங்குச் சுவாமி, ஆண்டவர் இயேசுவுடைய பாடுகளை வாசிப்பார். இயேசுவையா, சிறையிலிருக்கும் பரபாஸையா விடுவது என்று பிலாத்து கேட்கும் இடங்களில் சனம் பதில் சொல்லும். சனத்துக்கு முன்குரல் கொடுப்பவள் யோசேப்பின். தெருத் தெருவாக மீன் கூவி விற்ற குரல் அது. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள்.

போன வருடம் கோயிலிலிருந்து திரும்பும்போது அவளுடைய மகன் அமலதாஸ் கேட்டான். "பரபாஸ் நாட்டின்ட விடுதலைக்குத்தானேம்மா நிண்டவன்? அவனை விடச் சொல்லிச் சனம் கேட்டதில என்ன பிழை?"

"வாயை மூடு. ஆமிக்காரன் நிக்கான்."

"றோமாபுரி ஆமியாம்மா?" என்று சிரித்தான்.

இந்தத் தை மாதம் ஆமி செய்த சுற்றிவளைப்பில் அவனையும் பக்கத்து வீட்டு யோகராசாவையும் ஒரே ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யோசேப்பினும் யோகராசாவின் தாய் சீதேவிப்பிள்ளையும் சோற்றுப் பார்சல்களோடு முகாம் வாசலுக்குப் போனார்கள். உள்ளே விட்டதில்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தின திங்கட்கிழமை யோசேப்பினை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் சொன்னதை ஒருவன் தமிழில் சொன்னான். "மற்றவன் இயக்கம் எண்டு நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கிழமை வந்து சொல்லிட்டு உன்ட மகனைக் கூட்டிட்டுப் போகலாம்."

"என்னகா கேட்டவனுகள்?" என்றாள் சீதேவிப்பிள்ளை, பஸ்ஸில்.

"பேரைத்தான் கேட்டானுகள்."

யோசேப்பின் வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். யோகராசா இயக்கமா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மகனைப் பற்றியும் தெரியாது. ஆனால் சொல்லிவிடுவதென்று ஊர் வந்து சேருமுன்னரே முடிவெடுத்திருந்தாள்.

குருத்து ஞாயிறன்று, சைவக்காரியான சீதேவிப்பிள்ளையும் கோயில் கதவோரம் வந்து நின்றாள். "இந்தக் குருத்தோலையை நானும் பிடிக்கலாமோகா?"

"பிடிகா."

வாசிப்பு பிலாத்துவின் இடத்துக்கு வந்தது. யாரை விடுதலை செய்யட்டும் என்று சுவாமி கேட்டார்.

"பரபாஸை விடுதலை செய்யும்!"

யோசேப்பினின் குரல் கூரை ஓட்டில் மோதியது. சனமும் கத்தியது. சிலர் அழுதார்கள்.

"அப்படியானால் இயேசுவை என்ன செய்யட்டும்?"

சனம் அவளுக்காகக் காத்திருந்தது. சிலுவையில் அறையும் என்பது சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த பதில்தான். கதவோரம் நிற்பவளை அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த மற்றப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்தாள், கையில் குருத்தோலையோடு. இன்று இங்கே சொல்லிவிட்டால் நாளை முகாமிலும் வாயில் வந்துவிடும்.

சுவாமி இரண்டாம் முறை கேட்டார்.

"ரெண்டு பேரையும் விடுங்க, சாமி."

அந்தக் கோயிலில் அவள் அவ்வளவு மெதுவாக எதையும் சொன்னதில்லை. புத்தகத்தில் அப்படி ஒரு பதில் இல்லை. சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசிப்பு பிசகியது தெரியாத சீதேவிப்பிள்ளை கதவோரத்திலிருந்து, "ஓம் சாமி, ரெண்டு பேரையும் விடுங்க" என்றாள்.

இந்த வருடம் சிலுவையில் அறையும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சுவாமி அடுத்த வரியிலிருந்து வாசித்தார். வாசிப்பில் ஆண்டவரை அறையத்தான் செய்தார்கள்.

மறுநாள் முகாமில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா. ரெண்டும் எங்கட புள்ளையள்தான்."

அதிகாரி வெளியே போகும்படி கையைக் காட்டினார்.

பஸ்ஸில் சீதேவிப்பிள்ளை மறுபடி கேட்டாள். இந்த முறை யோசேப்பின் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்குமட்டும் சீதேவிப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு அழுகை வந்தபோதும் முகத்தைத் திருப்பவில்லை. இருவர் மடியிலும் சோற்றுப் பார்சல்கள் இன்னும் சூடாக இருந்தன.