வள்ளத்தில் யார் யார்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. சாயர்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செண்பகம் என்ற வயதான அம்மாள் சொன்னது. "எங்கம்மா ஒரு தண்டல ஆத்துலேருந்து இழுத்துக் கரையில போட்டா, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துப் போய் வருகிறவன். அவனை ஒரு பெண்பிள்ளை ஆற்றிலிருந்து இழுப்பதா? நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

பந்தி முடியும்வரை அவர் சொன்னதுதான் அடிப்படை. சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். நிரப்பியதில் ஒன்று பெரிய தப்பு. அதை அந்த இடம் வரும்போது ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று தாமிரபரணி ஓர் இளம்பெண்ணின்

(வேண்டாம். அன்று ஆறு எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

2

1946, தை மாதம். உலகச் சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அரிசியும் மண்ணெண்ணெயும் இன்னும் ரேஷனில்தான்.

செண்பகத்தின் அப்பா ராஜதுரைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக்கடை. ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷமாகத் தோணிக்காரர்களுக்குக் கயிறு விற்றவர் ஒரு ராத்திரிகூடத் தண்ணீருக்கு மேல் படுத்ததில்லை. ரோச், திரேஸ்புரத்துத் தண்டல். நாலு வயது இளையவர். தோணி கரையில் கிடக்கும் நாட்களில் ராஜதுரையின் கடையில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

"கடல்லேருந்து ஆத்து வாயைப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. ஆத்து வழியா கடலுக்கு வந்ததில்ல" என்றார் ஒருநாள்.

அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்குக் கீழே சின்ன வள்ளத்தை இறக்குவது, தண்ணீர் போகிற போக்கில் மூன்று நாள் மிதந்து புன்னக்காயலில் கடலைத் தொடுவது, ராத்திரி மணலில் படுதா கட்டிப் படுப்பது என்று முடிவாயிற்று. ராஜதுரையின் மனைவி சீனித்தாய் பிறந்தது ஸ்ரீவைகுண்டம். பொங்கலுக்கு அவள் பிறந்த வீட்டுக்குப் போகும்போதே வள்ளத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

3

ஏற்பாட்டைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. புழுங்கல் அரிசி, கருப்பட்டி, அவல், கருவாடு, புளி, மண்சட்டி இரண்டு, லாந்தர், கொசுவலை, படுதா. கயிறு மட்டும் மூன்று தினுசில் ஐந்து கட்டு. "எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?" என்று ரோச் கேட்டதற்கு ராஜதுரை, "கெடக்கட்டும் வே" என்று சொல்லிவிட்டு, நனையாமல் இருக்க அதைச் சாக்கில் வைத்துத் தைக்கவும் செய்தார்.

சீனித்தாயைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரே வாக்கியம் எழுதியிருந்தேன்: "சீனித்தாய் அரிசியையும் புளியையும் கட்டிக்கொடுத்தாள்." அதை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். மேலே சொன்ன தப்பு அதுதான்.

4

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை, வெள்ளோட்டம். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அக்கரை போய்த் திரும்பி, பாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுநாள் கிளம்புவதாகத் திட்டம். சீனித்தாய் படித்துறையில் நின்றாள். ரோச் பின்னால் நின்று கம்பை ஊன்றித் தள்ளினார். ராஜதுரை நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி ஆற்றில் கம்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ரோச் அதை விடவில்லை. வள்ளம் நகர்ந்துவிட்டது. ஒரு கணம் தண்டல் கம்பிலும், வள்ளம் ஆற்றிலும். பிறகு கம்பு சாய்ந்தது. அந்த இடத்துக்கு அடுத்தாற்போல்தான் கசம். ஆள் முங்குகிற பள்ளம்.

ராஜதுரை சிரித்தார். கடலில் கிடக்கிறவன், மேலே வந்து தானும் சிரிப்பான் என்று நினைத்தார். மேலே வந்தது ஒரு கை. அது போயிற்று. பிறகு வாய் திறந்த முகம். அதுவும் போயிற்று.

(இங்கே நீங்கள் நிறுத்துவீர்கள். தண்டலுக்கு நீந்தத் தெரியாதா? நானும் இரண்டு நாள் நின்றேன். காலில் சுளுக்கு வைத்துப் பார்த்தேன். முந்தின நாள் கள் குடிக்க வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அந்த மனிதர் பொய்யானார். அவருக்கு நீந்தத் தெரியாது. அவ்வளவுதான்.)

ராஜதுரை கயிற்றைத் தேடினார். ஐந்து கட்டும் சாக்குக்குள் இருந்தன. சாக்கைப் பல்லால் கடித்தார். வள்ளம் அவரையும் கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவருக்கும் நீந்தத் தெரியாது.

சீனித்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள். நாற்பத்திநாலு வயது. கல்யாணமான பிறகு ஆழத்தில் இறங்கியதே இல்லை. கசத்தைச் சுற்றிப் போய், பின்பக்கமாக வந்து, சட்டைக் காலரைப் பிடித்தாள். முன்னால் போனால் முங்குகிறவன் கட்டிப்பிடித்துவிடுவான். அந்த ஆற்றில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

5

வள்ளம் கீழே நாணலில் செருகி நின்றது. ராஜதுரை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் இரண்டு தடவை விழுந்து, ஓடி வந்தார். ரோச் படித்துறையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே இது? ஒமக்கு நீந்தத் தெரியாதா?"

"தெரியாது அண்ணாச்சி."

"முப்பது வருசமாக் கடல்ல கெடக்கீரு!"

"கடலுக்கு மேல கெடக்கேன். கடலுக்குள்ள கெடக்கலயே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நடுக்கடல்ல விழுந்தவனுக்கு நீந்தத் தெரிஞ்சா மட்டும் கரை வந்துருமா? கூட ரெண்டு நாழி தத்தளிப்பான். அதனால படிக்கல. வயசான பொறவு, தெரியாதுன்னு சொல்லவும் வெக்கம்."

"ஒம்ம நம்பித்தான வே நான் ஏறுனேன்? எனக்கும் தெரியாதுன்னு ஒமக்குத் தெரியும்லா? மூணு நாளு! நீரு வெக்கப்பட்டதுக்கு நான் சாவணுமா?"

ரோச் எழுந்து சட்டையைப் பிழிந்தார். "வண்டி கெடைச்சா இப்பவே ஊருக்குப் போறேன். நீங்க என்கிட்டப் பேச வேண்டாம் அண்ணாச்சி" என்றார்.

இருபது வருஷப் பழக்கம். அந்தப் படித்துறையில் முடிந்திருக்கும்.

சீனித்தாய் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டு பேருமாத் தனியாப் போவ வேண்டாம். நானும் வாரேன்."

"நீ எங்கன ஏளா வாரது?"

"வள்ளத்துலதான்."

"ஊரு என்ன சொல்லும்? அன்னிய ஆம்பள கூட மூணு ராத்திரி ஆத்தங்கரையில..."

"நீங்க முங்கிச் செத்தா ஊரு என்ன சொல்லும்?"

ராஜதுரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோச் அவரைப் பார்க்காமல், "தங்கச்சி வந்தா நானும் வாரேன்" என்றார். "வரலன்னா வள்ளத்த வண்டியில ஏத்திருதேன்."

அன்று மத்தியானம் ராஜதுரை சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. வெயில் சாய்ந்தபின் அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டார்:

"அரிசி மூணு பேருக்குக் காணுமா?"

"முந்தா நேத்தே மூணு பேருக்குத்தான் கட்டுனேன்" என்றாள் சீனித்தாய்.

6

இதைச் செண்பகம் சொன்னபோது நான் இலையிலிருந்து நிமிர்ந்தேன். மூன்று பேருக்கா? அப்படியானால் யாரும் ஆற்றில் விழுவதற்கு முன்பே அவள் புறப்படத் தயாராக இருந்திருக்கிறாள். கேட்பதற்குச் சமயம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரிந்திருந்தும், எழுதும்போது நான் ஆண்கள் இருவரின் லாந்தரையும் கொசுவலையையும் எண்ணிக்கொண்டு, அவள் என்ன செய்கிறாள் என்று அடுக்களைக்குள் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் பகுதியைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் நான் தப்பித்துக்கொள்வேன்.

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் சீனித்தாய் இருவருக்கும் நீந்தக் கற்றுக்கொடுக்கிறாள். (மிகவும் இனிப்பு.) இன்னொன்றில் ஆத்தூர்ப் பக்கம் மழை பிடித்து, வள்ளம் கவிழ்ந்து, மூன்று பேரும்

(இல்லை. அவர்களைக் கொல்ல எனக்கு என்ன உரிமை?)

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் ஏறினார்கள். சீனித்தாய் முன்னால், ராஜதுரை நடுவில், ரோச் பின்னால். ரோச் மேல் ராஜதுரைக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் வள்ளம் ஆடியபோது, "பாத்து வே" என்றார். மூன்று ராத்திரி கழித்து வள்ளம் புன்னக்காயல் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

நடுவில் இருக்கிற மூன்று நாளை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மணல் மேட்டில் யார் சமைத்தது, நண்பர்கள் எப்போது முகம் பார்த்துப் பேசினார்கள், சீனித்தாய் மறுபடி ஆழத்தில் இறங்கினாளா, எல்லாம் உங்கள் விருப்பம்.

நான் கேட்காமல் இல்லை. "அந்த மூணு நாளும் என்னதான் நடந்துச்சாம்?" என்று செண்பகத்திடம் கேட்டேன். அவர் இலையை மடித்தார்.

"நானும்தான் கேட்டேன், அவ சாவுத வரைக்கும். 'எல்லாத்தையும் ஒங்கிட்டச் சொல்லணுமா ஏளா?'ன்னு சிரிச்சிக்கிட்டே போயிருவா."