பருத்திமார் கஷாயம்

நாட்டுமருந்துக் கடை சுயம்புலிங்கத்துக்கு மலேரியா என்று கேள்விப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவே உச்சுக்கொட்டியது. பரிபூரணம் ஒருத்திக்குத்தான் வயிறு குளிர்ந்தது. இரண்டு வருஷமாக அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தானே.

எண்பத்தொன்பதில் அவள் புருஷன் பொன்னுராஜுக்கும் இதே காய்ச்சல்தான். இராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலென்றால் சுயம்புலிங்கம் கடை நிலவேம்புதான் என்று ஊரெல்லாம் பேச்சு. பொன்னுராஜும் பஸ் ஏறி வந்து, கல்லாவுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றான். சுயம்புலிங்கம் மாத்திரையை வாங்கிப் பார்த்தான்.

"இது ரத்தத்த உறிஞ்சிரும்லே. தூரப் போடு. நம்ம நிலவேம்பக் குடி, ஒம்போது நாள்ல எந்திரிச்சிருவே."

அந்த அப்பாவி மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். எந்திரிக்கவா செய்தான்? ஒன்பதாம் நாள் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், மிச்சமிருந்த மருந்துப்பொடியைப் பரிபூரணம் முறத்தில் கொட்டினாள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள் அவள். பஞ்சிலேயே புழங்கிய கை. பொடிக்குள் ஓர் இழை விரலில் தட்டியது. கிளறினால் பருத்திக்காய் ஓட்டில் ஒரு துண்டு, அதில் ஒட்டிக்கொண்டு பஞ்சு. நிலவேம்புக்குள் பஞ்சு எங்கிருந்து வரும்? காட்டில் பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடியை அடுப்பெரிக்கப் பிடுங்குவார்களே, அந்தப் பருத்திமாரை இடித்து, கசப்புக்கு வேப்பிலையைச் சேர்த்திருக்கிறான் படுபாவி.

போய்ச் சண்டை போட்டால் என்ன நடக்கும்? சத்தியம் பண்ணிச் சாதிப்பான், நாலு பேர் அவனுக்குப் பரிந்துகொண்டு வருவார்கள். இல்லை, அது அவன் வாயாலேயே வரவேண்டும். அந்த வைராக்கியத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அவன் கடையிலேயே கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். நீ யார் பெண்டாட்டி என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. காய்ச்சலோடு வருகிறவர்களை அவள் வாசலிலேயே மடக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும்படி காதோடு சொல்லி அனுப்புவாள். கேட்டவர்கள் கேட்டார்கள். உள்ளறையில் ஒரு தகர டின் பூட்டியிருப்பதையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். அதில் மலையிலிருந்து வந்த அசல் நிலவேம்பு. அது அவன் வீட்டாருக்கு மட்டும்.

இப்போது அவனே படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கடையின் பேர் என்ன ஆவது? அதனால் தினமும் பத்து மணிக்கு, கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் கஷாயம் குடிப்பான். நானே இதைத்தானே குடிக்கேன் என்று பெருமை வேறு. டின்னில் எடுத்து அதைக் காய்ச்சுகிறவள் அவன் பெண்டாட்டி சண்முகத்தாய்.

மூன்றாம் நாள் சண்முகத்தாய் நேர்ச்சைக்காக ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டாள். சுயம்புலிங்கம் டின் சாவியைப் பரிபூரணத்தின் கையில் திணித்து, உள்ளேயிருந்து எடுத்துக் காய்ச்சு என்று கிசுகிசுத்தான். அவள் சாவியை இடுப்பில் செருகினாள். வாசலில் திறந்திருந்த சாக்கில் இரண்டு கை அள்ளிக் காய்ச்சினாள்.

ஒரு வாய்தான் குடித்தான். முப்பது வருஷம் மருந்து விற்ற நாக்கு இல்லையா, உடனே கண்டுகொண்டது.

"எதுலட்டி எடுத்த?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "வாசச் சாக்குலதான் முதலாளி. எல்லாருக்கும் குடுக்கதுதான். மிச்சத்தையும் குடிங்க, ஒம்போது நாள்ல எந்திரிச்சிருவீக."

தளவாய்புரத்து வேல்சாமி, பிள்ளைக்கு வாங்கிய பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிங்க அண்ணாச்சி என்று அவனும் சொன்னான். சுயம்புலிங்கம் டம்ளரைத் தூரத் தள்ளினான். குளிர் ஒரு பக்கம், உயிர்ப்பயம் ஒரு பக்கம். யார் நிற்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

"அதுல பருத்திமாருல்லட்டி கெடக்கு. என்னையக் கொல்லப் பாக்கியா?"

வேல்சாமி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான், சுயம்புலிங்கத்தைப் பார்த்தான். பிறகு பிரித்து அவன் மடியிலேயே கொட்டினான். அடுத்தடுத்து நின்றவர்களும் கொட்டினார்கள். ஒருவரும் வையக்கூட இல்லை. கொட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

கடை காலியானது. பல் கிட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வாட்டி என்று அவளையே கெஞ்சினான்.

"அது ரத்தத்த உறிஞ்சிரும் முதலாளி. பொன்னுராஜுகிட்ட நீங்க சொன்னதுதான்."

"யாரு பொன்னுராஜு?"

கொன்றவனுக்குப் பேர்கூடத் தெரியவில்லையே.

"எம் புருசன். இனிமே மறக்க மாட்டீக."

டின் சாவியை எடுத்து, அவன் மடியில் குவிந்திருந்த பொடியின் மேல் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சண்முகத்தாய் எதிரே வந்தாள். முதலாளி தேடுகிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, பரிபூரணம் இராஜபாளையம் பஸ் ஏறினாள்.