நாவுலோவின் தொண்ணூறு விசுவாசிகள்

நாவுலோ கிராமத்தில் பாஸ்டர் ரொப்பாத்தே நடத்தும் சபையில், அவரையும் அவர் மனைவியையும் சேர்த்து ஒன்பது பேர். வருஷா வருஷம் தலைநகர் சுவாவில் இருக்கும் தலைமையகத்துக்குப் போன படிவத்தில் மட்டும் தொண்ணூறு. முதல் வருஷம் பூஜ்யம் கைதவறி விழுந்தது. அப்புறம் அதை எடுக்க மனசு வரவில்லை மனுஷனுக்கு.

இப்போது ஃபிஜி அக்கினி மழை சபைகளின் ஐம்பதாம் ஆண்டு மலர் தயாராகிறது. எத்தனை தீவு, எத்தனை சபை, எத்தனை ஆத்துமா என்று எல்லாம் அதில் வரும். நேரில் பார்த்தே எழுதுவேன் என்று தலைவர் அப்பெனிசா படகேறிவிட்டார். ஐம்பது பேர் தேறாத சபையை மூடிவிட்டு, போதகரைச் சுவாவுக்கு இழுத்துக்கொள்வாராம். நாவுலோவை விட்டு எங்கேயும் போவதாக இல்லை ரொப்பாத்தே.

மெதடிஸ்ட் கோயிலில் மூப்பராக இருக்கும் மச்சான் இலைத்தியாவிடம் ஓடினார்.

"மச்சான், ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு எண்பத்தொரு பேரு இரவல் குடு."

"குடுக்கிறேன். மண்ணடுப்புல ஒரு பன்னி வேகணும். பெருசா."

"சரி. ஆனா கைதட்டணும், சத்தம் போடணும். உங்க கோயில்ல தூங்குற மாதிரி தூங்கக் கூடாது."

"பன்னி பெருசுன்னா சத்தமும் பெருசுதான்."

ஞாயிற்றுக்கிழமை கூரை அதிர்ந்தது. தலைவர் பூரித்துப்போய், "யங்கோனாவைத் தொடாத பரிசுத்தவான்களே, கையைத் தூக்குங்க!" என்றார். லேசாகப் போதையேற்றும் அந்த வேர்த்தண்ணீர் அக்கினி மழைக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மெதடிஸ்ட்காரர்களுக்கு அது இல்லாமல் பொழுதே போகாது.

கைதட்டச் சொல்லியிருந்தார், கத்தச் சொல்லியிருந்தார். பொய் சொல்லச் சொல்ல மறந்துவிட்டார் ரொப்பாத்தே. ஒன்பது கைகள் எழுந்தன. இலைத்தியா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எண்பத்தொரு குடிகாரங்களா!" தலைவரின் முகம் சிவந்தது. "பன்னெண்டு வருஷமா இங்க என்னய்யா பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

தொலைந்தோம் என்று ரொப்பாத்தே கண்ணை மூடிக்கொண்டார்.

"இவங்க அத்தனை பேரும் அதை விடுற வரைக்கும் நீங்க இந்த ஊரை விட்டு அசையக் கூடாது. இது என் உத்தரவு!"

"அல்லேலூயா!" என்று அலறினார் ரொப்பாத்தே. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு உண்மையாக அதைச் சொன்னதில்லை.

விருந்தில் இலைத்தியா பன்றி எலும்பைக் கடித்தபடி அவர் காதருகே குனிந்தார்.

"மச்சான், நாங்க திருந்திட்டா உன்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிருவாங்களா?"

"ஆமா."

"அப்ப நீ கவலையே படாத. உனக்காக நாங்க குடிச்சிக்கிட்டே இருக்கோம்."

ரொப்பாத்தேக்குக் கண் கலங்கிவிட்டது. இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து மச்சான் தட்டில் வைத்தார்.