கிளிப்பச்சைக்குச் சம்மதம்

கூடத்துச் சுவருக்குக் கிளிப்பச்சை அடிக்கலாமா என்று பெயிண்டர் கேட்டதற்கு, "உங்க இஷ்டங்க" என்றாள் அவர் மனைவி. பெயிண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராத சொல் அது. துணிக்கடையில் நின்றுகொண்டு, யாருக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லியே பேர் வாங்கியவள். ஊர் முழுக்க நிறம் சொல்கிற மனுஷர், சொந்த வீட்டு ஜன்னல் கம்பிக்கு நிறம் சொன்னால்கூட அவளிடம் வழக்காடி ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவள் கிளிப்பச்சைக்குத் தலையாட்டினால் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற வேண்டும். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மனசு மாறியிருக்கும் என்று விட்டுவிட்டார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், சந்தோஷத்தில் அவருக்குப் புத்தி மழுங்கியிருந்தது. மகள் வேலை பார்க்கும் ஊரில், அவளோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன். இருவருக்கும் பிடித்துப்போய், பையனின் அப்பா அம்மா வீட்டுக்கு வந்து பேச வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் வந்து உட்காரும் கூடம் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

போன வருஷம் இதே மனுஷர் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. பிரஷ் கல்லாய்க் கனத்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் அண்டவில்லை, அழுகைகூட வரவில்லை. வேலைக்குப் போகச் சோம்பல் என்று பேசியவர்களும் உண்டு. பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது! மனைவிதான் அவரை இழுத்துக்கொண்டு போய் மனநல டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

அந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இது டிப்ரஷன். உங்க நிலைமைக்கு இப்போதைக்கு மாத்திரை இல்லாமலே பார்க்கலாம். ஆனா நான் சொல்றதை மாத்திரை மாதிரி தவறாம செய்யணும். கூடுதலாச்சுன்னா மறைக்காம ஓடி வரணும். அப்போ மாத்திரை எழுதினா, வேணாம்னு வீம்பு பிடிக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது பெரிய வித்தையில்லை. காலை வெளிச்சத்தில் நடக்க வேண்டும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். சின்னதோ பெரியதோ, தினம் ஒரு வேலையைத் தொட்டு முடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் மனசுவிட்டுப் பேச வேண்டும். கேட்கச் சுலபம், செய்யும்போதுதான் நாக்குத் தள்ளியது. முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய்விட்டு, ஊரைச் சுற்றி வந்தவர் மாதிரி திரும்பி வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் மச்சினன் வந்து செருப்பை எடுத்துக் காலடியில் போட்டான். அவரோடு சேர்ந்து பெயிண்ட் அடிப்பவன். வேலையில் அவன் வேகத்தைப் பார்த்து எல்லோரும் 'ஆமை' என்றே கூப்பிடுவார்கள். மெதுவாய் நடக்க அவனைவிடத் தோதான துணை கிடைக்குமா?

இப்படியாகப் பெயிண்டர் தேறிவிட்டார். வீடுதான் தேறவில்லை. அவர் கொட்டாவி விட்டால் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் ஆமை கதவைத் தட்டி, "மாமா, சோப்பு இருக்கா?" என்றான். டிவியில் யாராவது அழுதால் சேனல் மாறிவிடும்.

அன்று ஒரு சுவருக்குப் பச்சை ஏறியிருந்தது. எதிர்ச் சுவரைத் தடவிப் பார்த்த பெயிண்டர், "மாப்ள, பூசின பட்டி இன்னும் சொரசொரன்னு இருக்கு. இன்னொரு தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்" என்றார். மற்ற நாளாக இருந்தால், "இது சுவரா, முகம் பார்க்கிற கண்ணாடியா மாமா?" என்று ஆமை ஒரு பாட்டம் புலம்பியிருப்பான். இன்றைக்கு, "சரிங்க மாமா" என்று தேய்க்க ஆரம்பித்தான்.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"யாருடா செத்தா?"

"ஐயோ, என்ன மாமா இது!"

"அவ கிளிப்பச்சைக்குச் சரிங்கறா. நீ உப்புத்தாளுக்குச் சரிங்கற. யாரோ போயிட்டாங்க, எங்கிட்ட மறைக்கிறீங்க. சொல்லு."

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே அதிசயம். "யாரும் சாகலைங்க. அந்தப் பையன்தான் வேணாம்னுட்டான். மாசம் ஆகப் போகுது. நம்ம பொண்ணு தினமும் எனக்கு போன் பண்ணி அழறா."

"எங்கிட்ட நேத்துக்கூடச் சிரிச்சுப் பேசினாளே?"

"நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன்."

பெயிண்டர் ஆமையின் பக்கம் திரும்பினார். "அப்புறம் எதுக்குடா இந்தச் சுவர்?"

"தினம் ஒரு வேலை செய்யணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே மாமா" என்றான் அவன், உப்புத்தாளை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. "கலர் பார்க்கும்போது நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படி நிறுத்தச் சொல்றது?"

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயிண்டரும் தனக்குள் பார்த்துக்கொண்டார். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் போன வருஷம் வந்தது வேறு, அதில் வலிகூட இருந்ததில்லை. இது மகளுக்காக வந்த வலி. போதாக்குறைக்கு வயிறு பசித்தது, ஆமையை இரண்டு சாத்து சாத்தலாமா என்று கோபமும் வந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"என்னை வீட்டுல வச்சிருக்கீங்களா, பொம்மை மாதிரி அலமாரில வச்சிருக்கீங்களா?"

"மறுபடியும் நீங்க அந்தக் கட்டில்ல..." என்றாள் மனைவி. "இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால முடியாதுங்க." சொல்லிவிட்டு, பெயிண்ட் படாமல் இருக்க விரித்திருந்த பழைய போர்வையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த அழுகை.

பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சை அப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், முழங்கையால் அவளை அணைத்துக்கொண்டார். "கூறு கெட்டவளே, இதைத் தனியாவா சுமந்த?" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆமை பதறிப்போய் டிவி ரிமோட்டைத் தேடினான்.

"சும்மா இருடா. இது வெறும் அழுகைதான்" என்றார் பெயிண்டர். "போய் போனை எடுத்துட்டு வா."

மகள் எடுத்ததுமே கலகலவென்று ஆரம்பித்தாள். "அப்பா! சுவர் முடிஞ்சிருச்சா? என்ன கலர்?"

"உங்கம்மா சொல்லிட்டா கண்ணு."

அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது. "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு டாக்டரம்மா இருக்காங்க. மறைக்க மாட்டேன், ஓடிப் போவேன். நீ அழறதுக்கு நான் இருக்கேன். அழு."

அவள் அழுதாள். பெயிண்டர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, அந்தப் பையனைத் திட்டவும் இல்லை. போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உம் உம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தர் தன் துக்கத்தை அவர் மடியில் இறக்கி வைத்திருக்கிறார். கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பச்சைச் சுவருக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கலர்..."

"என்ன?"

"கண்றாவியா இருக்குங்க. பொண்ணு வந்து பார்த்தா, இருக்கிற துக்கம் போதாதுன்னு இதுக்கும் சேர்த்து அழுவா. கண்ணு இருக்கிறவங்க அடிக்கிற கலரா இது?"

ஆமை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தான். பெயிண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இன்னும் திட்டு" என்றார்.