பாலைவிட வெள்ளையாக ஒரு போர்டு

எங்கள் தொழிற்சாலையில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். என் தலையெழுத்து, அதில்தான் எனக்கு வேலை. வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் எங்களுக்கு ஒரு சேதியும் வராது. கூரையில் மஞ்சள் குழல்விளக்குகள் எரியும். உள்ளே வருகிற எல்லோர் முகமும் காமாலை வந்ததுபோல் இருக்கும். காலையில் பளிச்சென்று சேலை கட்டிக்கொண்டு போனால், உள்ளே நுழைந்த நிமிஷம் அது அழுக்குத்துணி ஆகிவிடும். யாருக்காகக் கட்டினேன் என்று எனக்கே எரிச்சலாக வரும்.

விளக்கை மாற்றலாமே என்று கேட்காதீர்கள். கேட்டவர்களிடம் எல்லாம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். டி.வி.யைப் பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு பலகை இருக்குமே, அந்த பி.சி.பி. போர்டைத்தான் நாங்கள் செய்கிறோம். அதன் செம்புக் கோடுகளுக்கு மேலே ஒரு மை பூசுவோம். மை காய்ந்ததும் மேலே வடிவம் அச்சிட்ட ஃபிலிமை வைத்துப் பலத்த வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் கெட்டிப்படும், படாத இடத்தைக் கழுவி எடுத்துவிடுவோம். அதற்கு முன்னால் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் போதும், மை முழுக்கப் பிடித்துக்கொண்டு போர்டு பாழ். மஞ்சள் விளக்குக்கு மட்டும் அது மசியாது. ஆக, ஒரு மைக்குப் பயந்து மனுஷர்கள் மஞ்சளாக வாழ்கிறோம்.

தொழில் பெருகி, முதலாளியான என் அண்ணன் மாடி கட்டினார். தெருவைப் பார்த்து ஓர் அறை, அதில் ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல். கொத்தனார் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன், அது எனக்குத்தான். பிரிவுத் தலைவி என்று பெயர் வாங்கி எத்தனையோ காலமாகிறது. மேலே உட்கார்ந்து கணினியில் ஃபிலிம்களைச் சரிபார்ப்பேன், அவ்வப்போது கீழே போய் நாலு பேரைத் திட்டிவிட்டு வருவேன். சும்மா ஒரு நாற்காலி, முகத்தில் கொஞ்சம் வெயில். வாழ்க்கையில் நான் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குறுக்கே வந்தான் அண்ணியின் தம்பி. வேறு எங்கேயோ வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு, அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல், அண்ணன் 'புதுமைப் பிரிவுத் தலைவர்' என்று ஒரு பதவியைக் கொடுத்திருந்தார். அந்தப் பிரிவில் தலைவரைத் தவிர ஆள் கிடையாது. தொழிற்சாலையே அவனைப் புதுமை என்றுதான் கூப்பிடும். வாயைத் திறந்தால் மூடமாட்டான். வாசல் காவலாளி அவனைக் கண்டால் செருப்பைக்கூடப் போடாமல் நழுவிவிடுவார்.

"மாமா, யோசனை வரணும்னா காத்தோட்டம் வேணும். மாடி ரூம் இல்லாம நான் எப்படிப் புதுமை பண்றது?" என்றான் அண்ணனிடம்.

"உனக்கு யோசனை வரவே வேணாம்ப்பா. அதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். ஒரு பக்கம் தங்கை, மறுபக்கம் பெண்டாட்டியின் தம்பி. என் தலை பாதி நரைத்த பிறகும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, சண்டை வேணாம். கடிகாரக்காரர் வந்து கேட்டுட்டுப் போனாருல்ல? அந்த ஆர்டரை யாரு வாங்கித் தர்றீங்களோ, அவங்களுக்கு மாடி ரூம். இதுக்கு மேல பேச்சே கிடையாது" என்றார்.

கடிகாரக்காரர் என்பவர் முழுக்கக் கண்ணாடியால் கடிகாரம் செய்பவர். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். "பச்சை போர்டு வேணாம் சார். பாலைவிட வெள்ளையா வேணும். கொஞ்சம் பழுப்பு அடிச்சாலும் வேற கம்பெனிக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் பிறந்ததிலிருந்து பச்சையைத் தவிர எதையும் பூசியதில்லை. அதனால் மை வாங்கி வருகிற பொறுப்பு புதுமையிடம் போனது, பூசுகிற வேலை என்னிடம் வந்தது.

அவன் இரண்டு டின்களோடு என் அறைக்குள் வந்தான். தொழில் ரகசியமாம், கம்பெனிச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு 'புதுமை 1', 'புதுமை 2' என்று தானே ஒட்டியிருந்தான். இரண்டையும் திறந்து ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, ரெண்டாம் நம்பரைப் பாருங்க. கண்ணு கூசுது!"

அறையில் இருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், இரண்டாவதுதான் வெள்ளை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனோடு பேச்சை வளர்த்தால் பொழுது போய்விடும் என்ற பயத்தில் சரி சரி என்று டின்னை வாங்கிக்கொண்டேன். மாதிரிக்கென்று சில போர்டுகளில் பூசி, காய வைத்து, வெளிச்சம் காட்டிக் கழுவியும் முடித்தோம். இனி வெளியே இருக்கும் அடுப்பில் வைத்துச் சுடுவது ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் வருவதாகச் சொன்ன கடிகாரக்காரர் அன்றைக்கே வந்து நின்றார். வெள்ளை போர்டை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம். அண்ணன் வெளியே போயிருந்தார். புதுமை அவருக்குத் தொப்பியும் மேலங்கியும் மாட்டி நேரே மஞ்சள் அறைக்குள் கூட்டிவந்துவிட்டான். மனுஷர் ஒரு போர்டைக் கையில் எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"வெள்ளைன்னா இதுதான் வெள்ளை. இதைவிட வெள்ளையா இருக்க முடியாதும்மா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசுக்குள் மாடியறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தும் விட்டேன். அந்தக் குஷியில் இன்னொரு போர்டை எடுத்துக்கொண்டு சுடுவதற்காக வெளியே வந்தேன். கதவைத் தாண்டியதும் கையைப் பார்த்தேன்.

மஞ்சள். மங்கலான மஞ்சள்கூட இல்லை. பழுத்த எலுமிச்சம்பழம்.

மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த அறையிலேயே குப்பை கொட்டுகிறவளுக்கு இது உறைக்க வேண்டாமா? இரண்டாம் நம்பருக்குக் கண் கூசியதாம்! வெளியே போய்த் திறந்திருந்தால் என்ன கேடு அவனுக்கு? போர்டை அடுப்பின் மேல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

புதுமையை மூலைக்கு இழுத்தேன். "பாவி, நீ வாங்கினது மஞ்சள் மை!"

"ஐயோ அக்கா! அவரு அந்த போர்டை வெளிச்சத்துல போட்டோ எடுக்கணும்னு கிளம்புறாரே!"

உண்மைதான். கடிகாரக்காரர் போர்டைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பிடுங்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஆர்டர் வெளியே போனால் என் ஜன்னலும் கூடவே போய்விடும். பிறகு ஒரு வழி தெரிந்தது.

"பேசு" என்றேன் புதுமையிடம்.

"என்ன பேசறது?"

"உன்னை இதுவரைக்கும் யாராவது பேசுன்னு சொல்லியிருக்காங்களா? நான் சொல்றேன். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் பேசு. அந்த ஆளு வெளிய போகக் கூடாது."

அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி. கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டு, "சார், போர்டோட எதிர்காலம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான்.

நான் ஒன்றாம் நம்பர் டின்னில் விரலை விட்டுத் தொட்டுக்கொண்டு பின்பக்க வழியாக வெளியே ஓடினேன். வெயிலில் விரலை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை! நல்ல வெள்ளை! அந்த விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், மை வாயில் ஒட்டும் என்பதால் விட்டுவிட்டேன். திரும்பி வந்து, மை பூசுகிற வலைத்துணியில் இருந்த பழைய மையைச் சுரண்டி எடுத்து, துணியைக் கழுவித் துடைத்து, வேறு போர்டில் முதலிலிருந்து பூச ஆரம்பித்தேன்.

பூசுவது சீக்கிரம் ஆகிவிடும். காய்கிறது இருக்கிறதே, அதை அவசரப்படுத்த முடியாது. புதுமை பேசினான். துணிபோல் மடியும் போர்டு வரப்போகிறது என்றான். மாடிமேல் மாடி கட்டுவதுபோல் அடுக்கடுக்காக வருமாம். வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைந்துபோகும் போர்டு, தொப்பியாகத் தலையில் மாட்டிக்கொள்ளும் போர்டு என்று அளந்து தள்ளினான். அதில் பாதி உண்மை, மீதி அண்டப்புளுகு, எது எது என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவங்க மறுபடியும் என்ன பூசறாங்க தம்பி?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"உங்க கண்ணு முன்னாலயே சுடச்சுட ஒண்ணு செஞ்சு காட்டறோம் சார்!" என்றான். அந்த ஒரு நிமிஷம் அவன்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டும்போது அவன் குரல் கரகரத்தது. கழுவும்போது கீச்சென்றது. போர்டைத் துடைத்து முடிக்கிற சமயம் வெறும் காற்றுதான் வந்தது. அப்போதும் விடவில்லை, கையை ஆட்டி ஏதோ விண்வெளி போர்டைப் பற்றி நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். கடிகாரக்காரர் அதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இதை எடுத்துட்டுப் போங்க. புதுசு" என்று வெள்ளைப் போர்டை நீட்டி, அவர் மார்பில் இருந்ததை மெல்ல உருவிக்கொண்டேன். கதவு திறந்தது. வெளியே பகல் வெளிச்சத்தில் அவர் கையில் போர்டு பாலாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சை அண்ணன் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் திரும்பி வந்தவர், அடுப்பின் மேல் நான் போட்டுவிட்டு ஓடிய மஞ்சள் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எவன் செஞ்ச வேலை இது?" என்று கத்திக்கொண்டே வந்தார். கடிகாரக்காரர் நிற்பதைக் கண்டதும் பாதியில் அசடு வழிந்தார்.

புதுமை வாயைத் திறந்தான். காற்று வந்தது. எனக்கு என் ஜன்னல்தான் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்சம்கூட யோசிக்காமல் அவனைக் காட்டிக்கொடுத்தேன்.

"அது புதுமைப் பிரிவோட வேலை" என்றேன்.

"புதுமையா!" என்று கடிகாரக்காரர் அந்த போர்டையும் வாங்கிக்கொண்டார். வெள்ளையை ஒரு கையிலும் மஞ்சளை மறுகையிலும் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவங்களுக்கு வெள்ளை, குழந்தைங்க ரூமுக்கு மஞ்சள்! எனக்கு ஏன் இது தோணலை? ரெண்டும் வேணும் சார். நான் சொன்ன அளவு ரெண்டுலயும்."

அண்ணன் யாரைப் பாராட்டுவது என்று தெரியாமல் விழித்தார். "மஞ்சள் அவனோடது. வெள்ளை?" என்று கேட்டார். என் விரலைத் தூக்கிக் காட்டினேன், நகக்கண்ணில் வெள்ளை மை இன்னும் போகவில்லை. கடிகாரக்காரர் முதலில் கேட்டது வெள்ளைதானே, ஆகவே மாடியறை எனக்கு. புதுமைக்கு 'தலைமைப் புதுமை அதிகாரி' என்று பதவி நீண்டது. அவன் குரல் திரும்பி வந்ததும் மஞ்சளை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லிக்கொள்ளட்டும். என்னிடம் ஜன்னல் இருந்தது.

அது எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதிரே டயர் ஒட்டுகிற கடை, அதன் சிவப்புப் பலகை. மாடியில் துணி காயப்போடுகிற பெண்மணி. அவளிடம் எத்தனை நிறத்தில் துணி! காலையில் வெயில் என் மேசைமேல் ஏறி, மத்தியானம் இறங்கிப் போகும். என் கையின் நிறம் என்ன என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன். யாரையும் திட்டுவதற்குக்கூடக் கீழே போகவில்லை.

கடிகாரங்கள் நன்றாக விற்றன. கடிகாரக்காரர் இன்னும் கேட்டார், அதைப் பார்த்து வேறு சிலரும் வந்து கேட்டார்கள். கீழே மை பூச இடம் போதவில்லை. பூசாத போர்டுகள் படிக்கட்டுவரை அடுக்கி நின்றன. கெடு நெருங்கியது. அந்தத் தேதியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது நான். அண்ணன் ஒருநாள் என் அறைக்கு வந்தார், உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஜன்னலை மட்டும் பார்க்கவில்லை.

"பாப்பா, மை பூச வேற ரூம் இல்லை" என்றார்.

"என் கிட்ட கேட்கவே கேட்காதீங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. போய்விட்டார். நான் படிக்கட்டில் இறங்கி அந்த அடுக்குகளைப் பார்த்தேன். இறங்க இறங்க அடுக்கு முடியவே இல்லை. மேலே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். பிறகு கீழே ஆள் அனுப்பி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலை மறிக்கிற மஞ்சள் ஃபிலிம் சுருளைக் கொண்டுவரச் சொன்னேன்.

ஒட்டுகிறேன் என்று புதுமை வந்தான். கையை வைக்காதே என்றேன். அவன் ஒட்டினால் குமிழி விழும், குமிழி விழுந்த இடத்தில் வெளிச்சம் நுழையும். நானே அளந்து, வெட்டி, மேலிருந்து கீழாக நீவி நீவி ஒட்டினேன். டயர் கடைப் பலகையின் சிவப்பு மங்கிப்போனது. துணிகளெல்லாம் ஒரே நிறமாயின. ஓரங்களில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன்.

கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "எப்படிம்மா இருக்கு?"

"இந்த ஜன்னல் வழியா ஒரு துளி வெயில்கூட உள்ள வராது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.